விலகியிருந்தவர்

கணிதத்துறை ஆசிரியர் ஒருவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஸ்கேல். ஆள் ஒல்லியாக இருப்பார் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒல்லியெல்லாம் இல்லை, அவருடைய தொப்பை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கும். எதைச் செய்தாலும் கோடு போட்டுச் செய்கிறவர் என்பதால் வந்த பெயர் அது. பக்கத்து வீட்டுப் பெண் தேர்வு எழுதும் அறையில் கண்காணிப்பாளராக நிற்கமாட்டார். யார் காலையாவது பிடித்து வேறு அறைக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார். துறையின் பிரிண்டரில் சொந்த வேலைக்கென்று ஒரு தாள் எடுத்ததில்லை. "நல்லவரைக் கட்டிக்கிட்டேன், வாழத் தெரிஞ்சவரைக் கட்டிக்கல" என்று அவருடைய மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார், ஆனால் முழுக்கச் சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது.

தன் நேர்மை அவருக்குக் கொஞ்சம் ருசிக்கவும் செய்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதராக இருப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும் நல்ல மனிதர்.

பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவுக்கு ஆசிரியர்கள் சார்பாக ஒருவரை அனுப்ப வேண்டிவந்தபோது, எலியும் பூனையுமாக இருந்த இரண்டு கோஷ்டியும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் ஸ்கேல்தான். அவர் யாருக்கும் எதையும் செய்துகொடுக்கமாட்டார் என்பது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதியாக இருந்தது. எந்தப் படிப்பைத் தொடங்குவது, எதை மூடுவது, மானியத்தை எந்தத் துறைக்குத் திருப்புவது, விடுதியில் யாருக்கு இடம் கொடுப்பது என்று எல்லாமே அந்த நீள மேசையைச் சுற்றித்தான் முடிவாகும். அங்கே அவர் அதிகம் பேசியதில்லை. பேசியதெல்லாம் சரியாக இருந்தது.

அவருக்கு ஓர் அக்கா. திரைச்சீலை விற்கும் கடையில் துணி அளந்து வெட்டும் மேசையில் வேலை. அப்பா படுக்கையில் விழுந்த வருடம் அக்கா கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தார், தம்பி பள்ளியில். யாராவது ஒருவர் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருநாளும் பேச்சு எழுந்ததில்லை. தம்பி படித்தார், பட்டம் வாங்கினார், பாடம் நடத்தும் அளவுக்கு வந்தார். அக்கா துணி வெட்டிக்கொண்டே இருந்தார்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில், அக்கா பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். விண்ணப்பித்ததையே தம்பியிடம் சொல்லவில்லை. இடம் கிடைத்த பிறகுதான் சொன்னார். "உன்னைச் சங்கடத்துல மாட்டிவிடக் கூடாதுன்னுதான்" என்றார். கடையிலிருந்து நேராக வகுப்புக்கு வருவார். உடையெல்லாம் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டு ஆசிரியர்களை ஒருவழி பண்ணிவிடுவதாக வரலாற்றுத்துறையில் பேசிக்கொண்டார்கள். அது காதில் விழும்போதெல்லாம் ஸ்கேலுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். அக்காவிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கமாட்டார். ஆட்சிக்குழுவில் இருப்பவன் ஒரு மாணவியிடம் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்கலாமா கூடாதா என்பது அவருக்குத் தீராத சந்தேகமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள்.

ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே மாலை வகுப்புக் கட்டடம். இரண்டாவது வகுப்பு பாதியில் இருக்கும்போதே ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதைத் தினமும் பார்த்தார். மருந்துக்கடையில் நிற்கும் பெண்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றுகிறவர்கள். எதற்காக இப்படி ஓடுகிறார்கள் என்று ஒருநாள் அவரும் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்த்தார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனார். விஷயம் அங்கே விளங்கியது. பேருந்துக் கம்பெனி நேரத்தை மாற்றியிருந்தது. கடைசி வண்டி வகுப்பு முடிவதற்கு முன்னாலேயே போய்விடுகிறது. அன்றிலிருந்துதான் சேர்க்கையும் விழுந்திருக்கிறது. இடைவேளையை எடுத்துவிட்டு வகுப்பைக் கொஞ்சம் முன்கூட்டித் தொடங்கினால் எல்லோரும் வண்டியைப் பிடித்துவிடலாம். நிறுத்தத்தில் நின்றவர்களிடம் கேட்டார், நடத்துனரிடம் கேட்டார், கடையில் முதலாளி முன்கூட்டி விடுவாரா என்றுகூட விசாரித்தார். நின்றுபோனவர்களில் பாதிப்பேர் திரும்பி வரத் தயாராக இருந்தார்கள். அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை.

மாலை வகுப்பை மூடுவது என்ற பொருள் ஆட்சிக்குழுவுக்கு வந்தது. படிக்க ஆள் வருவதில்லை, விளக்கும் காவலும் வீண், கட்டடத்தைக் கணினி ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம் என்று காரணம் எழுதியிருந்தது. இப்போது படிப்பவர்கள் பகல் வகுப்புக்கு மாறிக்கொள்ளலாமாம். பகலில் மாற முடிந்தவர்கள் மாலையில் ஏன் வரப்போகிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்கேலுக்குத் தோன்றியது. அக்கா இன்னும் ஒரு வருடத்தில் பட்டம் வாங்கிவிடுவார். மூடிவிட்டால் அவ்வளவுதான்.

பேசவேண்டியதையெல்லாம் மனதுக்குள் கட்டி வைத்தார். பிறகு, தன் குணம் விடுமா, விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். நெருங்கிய உறவினருக்குத் தொடர்புள்ள பொருளில் உறுப்பினர் விலகியிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. விலகியிருக்க வேண்டும். அந்தச் சொல்லை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். வேறு உறுப்பினர் யாரிடமாவது சொல்லி அவரைப் பேசவைக்கலாமா என்று யோசித்தார். அடுத்தவர் வாயால் பேசினாலும் பேச்சு பேச்சுதானே என்று அதையும் விட்டார்.

கூட்டத்தில் அந்தப் பொருள் வந்ததும் ஸ்கேல் எழுந்தார். "என் அக்கா அதுல படிக்கறாங்க. நான் விலகிக்கறேன்" என்றார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்வாரத்தில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றார். அலுவலக உதவியாளர் ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். அந்த டீயைக் குடித்தபோது ஸ்கேலுக்குத் தன்மேல் ஒரு மரியாதை வந்தது என்பதுதான் கொடுமை. உள்ளே விவாதம் நடக்கும், யாராவது காரணம் கேட்பார்கள், விசாரிக்கச் சொல்லித் தள்ளிவைப்பார்கள் என்று நம்பினார். டீ பாதி குடிப்பதற்குள் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார்கள். அடுத்த பொருளுக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் அவர் பதிவாளரைப் போய்ப் பார்த்தார். இவ்வளவு சீக்கிரம் எப்படி முடித்தீர்கள் என்று கேட்டார். பதிவாளர் நல்ல மாதிரி. வந்தவரை உட்காரவைத்துப் பேசுகிறவர். அந்தக் கேள்வி அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஆசிரியர்கள் சார்புல நீங்கதான் பேசுவீங்கன்னு எல்லாரும் காத்திருந்தோம் சார். நீங்க எழுந்து போனதும், சரி, அவருக்கே இதை மூடுறதுல ஆட்சேபம் இல்ல போலன்னு எடுத்துக்கிட்டாங்க."

"விலகியிருக்கணும்னு விதி இருக்கே."

"ஓட்டெடுப்புல விலகியிருக்கணும் சார். கை தூக்கக் கூடாது, அவ்வளவுதான். பேசக் கூடாதுன்னோ வெளியே போகணும்னோ யார் சொன்னது? என் சர்வீஸ்ல யாரும் கதவைத் திறந்துக்கிட்டுப் போனதில்ல."

இருபது வருடமாக மாணவர்களுக்குக் கேள்வியை முழுசாகப் படி, முழுசாகப் படி என்று தொண்டை கிழியக் கத்தியவர், ஒரு சொல்லைத் தனக்குப் பிடித்த அர்த்தத்தில் படித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். துணைவேந்தரிடம் ஓடினார். பேருந்து விஷயத்தை இப்போது சொன்னார். துணைவேந்தர் பொறுமையாகக் கேட்டார். முடிவெடுத்ததை ஒரு வருடத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது என்றும், கணினிகளுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்றும் சொன்னார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வகுப்பு மூடிய வாரம் ஸ்கேல் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கடையில் பகல் நேரம் விடமாட்டார்கள், அதனால் படிப்பிலிருந்து பேரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அதையும் வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஸ்கேல் கதவோரமாக நின்றபடி, தான் வெளியே எழுந்துபோனதைச் சொன்னார். அர்த்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதையும் ஒளிக்காமல் சொன்னார்.

அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

"உள்ள இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்று கேட்டார்.

ஸ்கேல் சொல்ல ஆரம்பித்தார். கட்டிவைத்திருந்ததெல்லாம் வரிசை மாறாமல் வந்தது. கடைசி வண்டி முன்னாலேயே போய்விடுவது, அதைப் பிடிக்க அவர்கள் பாதி வகுப்பில் ஓடுவது, இடைவேளையை எடுத்தால் போதும் என்பது, எந்தெந்தக் கடையில் முன்கூட்டி விடுவார்கள் என்பது. மருந்துக்கடைப் பெண் நின்றுபோன காரணத்தைச் சொன்னார். மழைநாளில் நிறுத்தத்தில் ஒதுங்க இடமில்லாமல் எல்லோரும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பதைச் சொன்னார். அக்கா குழாயை மூடிவிட்டார். ஈரக் கையோடு நின்று கடைசிவரை கேட்டார்.

"இவ்வளவும் உனக்குத் தெரியுமாடா?"

ஸ்கேல் தலையாட்டினார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அக்கா. "பாவம், அவனுக்கு என்ன தெரியும்னு நினைச்சுதான் இத்தனை நாளும் உன் மேல கோவப்படாம இருந்தேன்."