கிளாலிக் கரையில் கயாக்

கிளாலிக் கரையில் நானும் சித்தியின் மகனான தம்பியும் கயாக் விடத் தொடங்கியபோது ஊரில் சிரித்தார்கள். ஓராள் இரண்டாள் மட்டும் இருக்கக்கூடிய பிளாஸ்டிக் வள்ளத்தில், மீனும் பிடிக்காமல், சும்மா துடுப்புப் போட யார் வரப்போகிறார்கள் என்றார்கள். ஆனால் வந்தார்கள். தெற்கே மலையேறவும் அலையில் சறுக்கவும் போன வெள்ளைக்காரர்கள், சண்டை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு, மெல்ல மெல்ல யாழ்ப்பாணப் பக்கமும் எட்டிப் பார்த்தார்கள். காற்று எழும்ப முதல் அவர்களைக் கடலேரிக்குள் கூட்டிப்போவோம். கவிழ்ந்தால் எப்படித் திரும்ப ஏறுவது என்று பழக்குவோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அதைக் கெடுத்தவன் கொழும்பிலிருந்து ஆட்களை அனுப்பிய முகவர். 'அகதிகள் தப்பிய பாதையில் ஒரு சாகசப் பயணம்' என்று விளம்பரம் போட்டிருந்தான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் சனம் இரவிரவாக இந்தக் கடலேரியால்தான் வள்ளத்தில் வன்னிக்குத் தப்பிப் போனது; நேவி கண்டால் சுடும். ஒரு காலை, கமராவோடு வந்த ஒருவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, "எந்த இடத்தில் சுட்டார்கள்?" என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது.

கேட்காத மாதிரி தூரத்து நாரைகளைக் காட்டினேன். அவர் விடவில்லை. பக்கத்துக் கயாக்கில் வந்த தம்பி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அந்தா அதிலேதான் இரண்டு வள்ளம் மூழ்கியது என்று கையை நீட்டினான். கமரா அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே முழங்காலளவு தண்ணீர்தான். அதில் ஒரு வள்ளமும் தாழாது.

அவர்கள் போனபிறகு தம்பியைப் பிடித்தேன்.

"என்னடா கதை விட்டனி? நீ அப்ப பிறக்கவேயில்லை."

"அவை கேட்டவை, சொன்னன். நீங்கள் நாரையைக் காட்டிக்கொண்டிருந்தால் நாளைக்கு ஒருத்தரும் வராயினம் அண்ணை."

"அதுக்குப் பொய் சொல்லுறதே?"

"அப்ப நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோவன். நீங்கள்தானே உந்தக் கடலாலை போனனீங்கள்."

அந்தக் கோபத்தில்தான் அவனிடம் சொன்னேன். சின்ன வயதில் அம்மாவோடும் கைக்குழந்தையான தங்கச்சியோடும் இந்தக் கடலேரியால் வன்னிக்குப் போனது. இடையில் தங்கச்சி வீரிட்டு அழத் தொடங்கியது. சத்தம் போகக்கூடாது என்று வள்ளத்தில் இருந்தவர்கள் கெஞ்ச, அம்மா சேலைத் தலைப்பால் குழந்தையின் வாயைப் பொத்தினார். கரையில் இறங்கிச் சேலையை எடுத்தபோது குழந்தை அசையவில்லை. அம்மா அதைக் குலுக்கிக் குலுக்கி முதுகில் அடித்தார். கடைசியில் அது அழுதது. தங்கச்சி இப்போது கனடாவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இதை அம்மா அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

"இதையாடா நான் உவங்களுக்குச் சொல்லுறது?" என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

விளம்பரத்தை எடுக்கச் சொல்லி முகவருக்கு ஃபோன் அடித்தேன். "ப்ரோ, வாறவங்களுக்கு ஒரு ஃபீல் வேணும். வெறும் தண்ணிக்கு யாழ்ப்பாணம் வருவாங்களா?" என்றான். அப்படியென்றால் ஆட்களை அனுப்பவேண்டாம் என்றேன். உண்மையாகவே அனுப்பவில்லை. சோளகக் காற்றுக் காலம் முழுவதும் கயாக்குகள் பனை நிழலில் கவிழ்ந்து கிடந்தன. தம்பியும் கொஞ்சக் காலம் பொறுத்தான். "எனக்குப் பிள்ளை இருக்கு அண்ணை" என்று சொல்லித் தன் பங்கைப் பிரித்துக்கொண்டுபோய், கரையோரமாகச் சற்றுத் தள்ளித் தானே தொடங்கினான். முகவர் அவனுக்கு ஆள் அனுப்பினான்.

பிறகொரு நாள் யாழ்ப்பாணத்து வங்கியொன்றில் வேலைசெய்யும் இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். முதல்தடவை. துடுப்பு முட்டுப்படும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்சத் தூரம் போனதும் தம்பியின் கூட்டம் எதிர்ப்பட்டது. எல்லாரும் துடுப்பை நிறுத்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் சத்தம் நன்றாகக் கேட்கும். ஒரு தாய், ஒரு சேலைத் தலைப்பு, ஒரு குழந்தை. அவனுடைய கதையில் குழந்தை செத்துப்போனது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்தாள்.

கயாக்கை அவனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இடித்தேன்.

"என்ரை தங்கச்சியைச் சாக்காட்டிப்போட்டியேடா!"

"ஆரெண்டு நான் சொல்லேல்லையே. பேர் சொன்னனானே?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பிடிச் செத்த பிள்ளையளும் இருந்ததுகள்தானே அண்ணை" என்றான்.

இருந்தார்கள்தான். என்னை நெருப்பாக எரித்ததும் அதுதான். அடிக்கவும் முடியவில்லை, இல்லையென்று சொல்லவும் முடியவில்லை. அழுத பெண் ஆங்கிலத்தில், நானும் அந்த வள்ளத்தில் இருந்தேனா என்று கேட்டுப் படமெடுக்க ஃபோனைத் தூக்கினாள். நான் கயாக்கைத் திருப்பினேன்.

"காற்று வரப்போகுது, திரும்புவம்" என்றேன். ஒரு இலைகூட அசையவில்லை.

"இப்பதானே அண்ணை வந்தனாங்கள்" என்றாள் வங்கிப் பெண்களில் ஒருத்தி. அவளுக்குக் கோபம். நியாயமான கோபம். முழுப்பலத்தோடு துடுப்பை இழுத்தேன். பின்னால் கத்திக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் வெகுதூரத்தில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்துசேரும்வரை அந்த வெயிலுக்குள் நின்றேன்.