என் கணக்கில் இருந்த நாட்கள்

காலையில் பள்ளிக்குப் போய் மின்னஞ்சலைத் திறந்தால் இங்கே அமெரிக்காவில் என்னென்னவோ வந்து கிடக்கும். யாரோ காபிக் கோப்பையைத் தொலைத்திருப்பார்கள். யாரோ பூனைக்குட்டி வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள். மார்ச் மாதத்தில் ஒரு நாள், பூனைக்குட்டிக்கு அடுத்த வரிசையில், ‘நம் டெனீஸுக்கு உங்கள் நோய் விடுப்பு நாட்களைத் தானமாகத் தாருங்கள்’ என்று ஒன்று வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். ரத்த தானம் தெரியும், கண் தானம் தெரியும். விடுப்பைத் தானம் கேட்டு நான் பார்த்ததில்லை.

டெனீஸ் எனக்கு அடுத்த வகுப்பறையில் வரலாறு நடத்துபவர். மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடந்துகொண்டிருந்தது. இங்கே எங்கள் பள்ளியில் மாதத்துக்கு ஒரு நாள் வீதம் ஆண்டுக்குப் பத்து நாள் நோய் விடுப்பு. காய்ச்சலுக்கும் அதுதான், புற்றுநோய்க்கும் அதுதான். டெனீஸ் வருடக்கணக்கில் சேர்த்து வைத்ததெல்லாம் கரைந்துவிட்டது. இனி வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. அது நீண்டால் மருத்துவக் காப்பீடும் போய்விடும், அதாவது மருந்து மிகவும் வேண்டியிருக்கும் நேரத்தில் மருந்துக்கு வழி இருக்காது. இதைத் தடுக்க, நாங்கள் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ நாட்களை எங்கள் கணக்கில் கழித்து அவர் கணக்கில் போட வேண்டுமாம். நிர்வாகம் தன் பங்குக்கு ஒரு நாளும் போடாது. ஆனால் கடிதத்தின் கடைசியில் ‘நாம் ஒரு குடும்பம்’ என்று எழுதி, இதயப் படம் ஒன்றும் ஒட்டியிருந்தார் முதல்வர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலுவலகத்தில் இருக்கும் லிண்டாவிடம் போய், டெனீஸுக்கு எத்தனை நாள் குறைகிறது என்று கேட்டேன். “அது அவருடைய அந்தரங்கம். உனக்கு எவ்வளவு சௌகரியமோ அவ்வளவு கொடு” என்றார். எங்கள் ஊர் நெய்வேலியில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் எந்த டாக்டர், எத்தனை தையல், பிரித்தாயிற்றா இல்லையா என்பதுவரை பிளாக் முழுக்கத் தெரியும். ஊரறியக் கையேந்த வைப்பதில் இல்லாத அந்தரங்கம், தேவை எவ்வளவு என்று சொல்வதில் வந்துவிட்டதா? சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு டெனீஸ் வீட்டுக்கே போய் நேராகக் கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “நான் யாரிடமும் கேட்கவில்லையே. அனுப்பியது அவர்கள்” என்று, தலையில் கட்டியிருந்த துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் உதவ வந்திருந்தேன். அவருக்கோ நான் கணக்கெடுக்க வந்ததுபோல் பட்டிருக்கிறது. கிளம்பும்போது கதவைப் பிடித்தபடி, “இருபத்திரண்டு” என்றார்.

அந்தக் கல்வியாண்டு முழுமைக்கும் உரியதைச் சேர்த்து என் கணக்கில் முப்பத்தொன்று இருந்தது. ஜலதோஷம், முதுகுவலி எல்லாவற்றோடும் வகுப்புக்குப் போய்ச் சேர்த்த நாட்கள். நெய்வேலியில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் போய்ப் பக்கத்தில் உட்கார எனக்கு அவற்றை விட்டால் வேறு இல்லை. இரண்டு நாள் கொடுத்தேன்.

கொடுத்தும் ஆத்திரம் அடங்கவில்லை. மதிய உணவு மேசையில் பொரிந்து தள்ளினேன். “எங்கள் ஊரில் ஆசிரியர் நோயில் விழுந்தால் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. மாதக்கணக்கில் மெடிக்கல் லீவ் உண்டு. இவ்வளவு பெரிய பணக்கார நாட்டுக்கு வெட்கமாக இல்லையா?” என்றேன். உடற்பயிற்சி ஆசிரியர் மைக் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, “எல்லோருக்குமா?” என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “எல்லோருக்கும்” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அன்று சாப்பிட முடியாமல் எழுந்து போனேன்.

அமெரிக்கா வருமுன் நெய்வேலி நகரியத்தில் நான் பதினான்கு வருடம் வேலை பார்த்த பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே ஆசிரியர்களில் இரண்டே ஜாதி: பர்மனென்ட், கான்ட்ராக்ட். நான் பர்மனென்ட். கலைச்செல்வி கான்ட்ராக்ட். வளையமாதேவியிலிருந்து பஸ் பிடித்து வருவாள்; ஆறாம் வகுப்புக்கு அறிவியல். என்னைவிட நன்றாகப் பாடம் நடத்துவாள் என்பதை இப்போது சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. கான்ட்ராக்ட் ஆட்கள் தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் வேலை போய்விடும். ஸ்டாஃப் ரூமில் கூடிப் பேசி வழி கண்டுபிடித்தோம். அவளுடைய வகுப்புகளை நாங்கள் ஐந்து பேர் எங்கள் ஃப்ரீ பீரியட்களில் பங்கு போட்டுக்கொள்வது. அவள் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வது.

பத்தாம் நாளே வந்துவிட்டாள். வயிற்றில் தையலோடு தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறி இறங்கி வந்தாள். விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் ஒரு பெஞ்ச் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்கால மணி அடிக்கும்வரை அதில்தான் கிடப்பாள். ஒரு மதியம் தண்ணீர் கொண்டுபோனபோது இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப வலிக்குதா கலை?”

“வலி கெடக்குதுக்கா. சும்மா படுத்துக்கினு சம்பளம் வாங்கறனேன்னுதான் கூச்சமா இருக்குது.”

நாங்கள் ஐவரும் எங்களையே மெச்சிக்கொண்டோம். சொந்தத் தங்கைக்குச் செய்வதுபோல் செய்கிறோம் என்று பேசிக்கொண்டோம். மூன்றாம் வாரம் தையல் சீழ் பிடித்து அவளை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எங்களால் வகுப்பு எடுக்க முடிந்தது, அவள் கையெழுத்தைப் போட முடியவில்லை. பத்து நாள் கழிந்தது, வேலை போனது. அடுத்த மாதம் அவள் இடத்துக்கு இன்னொரு கான்ட்ராக்ட் பெண் வந்தாள். நாங்கள் அவளோடும் சேர்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டோம்.

இந்த ஜூனில் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா சுரங்கத்தில் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து நகரியத்துக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டவர். அவர் வீட்டுக்குப் பின் தெருவில் கலைச்செல்வி டியூஷன் எடுப்பதாகத் தெரிந்து போனேன். வளையமாதேவியில் இருந்த அவள் வீட்டாரின் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. தம்பி அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். அவள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே டெனீஸ் கதையைக் கேட்டாள். அமெரிக்காவை நான் திட்டியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “லீவ அப்படி இன்னொருத்தருக்குக் குடுக்கலாமாக்கா?” என்றாள்.

“அங்க குடுக்கலாம். இது ஒரு பெருமையா கலை? சீக்காளியப் பிச்சை எடுக்க விடறாங்க.”

“அது இருக்கட்டும். அப்ப இங்க ஒங்க கணக்குல எவ்ளோ நாள் இருந்துது?”

“நூத்தி எழுபது இருக்கும்.”

“அமெரிக்கா போறப்ப அத என்னா பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ண முடியாது. ராஜினாமா பண்ணா மெடிக்கல் லீவ் அத்தோட காலாவதி.”

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். “டாக்டரு என்னை நாப்பது நாள்தான்க்கா வூட்டுல படுத்துக்கினு இருக்கச் சொன்னாரு.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். விடுப்பை இன்னொருவருக்கு மாற்றித் தர அப்போது விதி இல்லை என்று சொல்லியிருப்பேன். விதி இல்லைதான். ஆனால் ஐந்து பேர் கணக்கிலும் நூறு நூறாக நாட்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, இவளுக்கு ஏன் விடுப்பு இல்லை என்று நிர்வாகத்தின் அறைக்குப் போய் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. கான்ட்ராக்ட் என்றால் அப்படித்தான் என்று இருந்தோம். டெனீஸைக் கையேந்த வைப்பது அநியாயம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. தையல் போட்ட பெண்ணைப் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டுக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்ட எங்களை எந்த வாயால் திட்டுவது?

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் மின்னஞ்சல் வந்தது. இந்த முறை டெனீஸே எனக்கு எழுதியிருந்தார். சிகிச்சை நீண்டுவிட்டது, ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் இன்னும் பன்னிரண்டு நாள் வேண்டும் என்று, எண்ணோடு. கூடத்தில் உட்கார்ந்து தானப் படிவத்தைத் திறந்தேன். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் எங்கள் பள்ளிகளில் வேலை செய்பவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டுமே விழுந்தது. டெனீஸைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு என்று அடித்தேன்.

அப்பா அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். “முட்டி ஆபரேஷனுக்கு ஆகஸ்ட் கடைசியிலதான் தேதி கிடைக்குமாம்மா. ஆறு வாரம் யாராவது கூட இருக்கணுங்காங்க. ஒனக்கு எத்தனை நாள் லீவ் கிடைக்கும்?”

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். “பதினேழு நாள்ப்பா” என்றேன்.