மூச்சுவிட நேரமில்லாதவள்

கடையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். திரைச்சீலை விற்கும் பெரிய கடை அது. அதன் பின்னறையில் தையல் மிஷினுக்கு முன்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வதே தப்பு. நூல் எடுக்க ஒரு நடை, தண்ணீர் குடிக்க ஒரு நடை, ஒன்றுமில்லாததற்கு ஒரு நடை என்று நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிடுவாள். தையல் மட்டும் கோடு கிழித்தது போல நேராக இருக்கும். அதனால்தான் மேற்பார்வையாளர் அம்மா அவளைப் பொறுத்துக்கொண்டார். “நாற்காலில முள்ளா இருக்கு? ஒரு இடத்துல உட்காரேன்” என்று நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார்.

அப்படிச் சொன்ன ஒரு நாளில் எழுந்தவள், எழுந்த சூட்டோடு வேலையையே விட்டுவிட்டு வந்துவிட்டாள். வீட்டிலேயே தைக்கப் போகிறேன் என்றாள். நல்ல கையை இழக்க அந்த அம்மாவுக்கு மனமில்லை. “மூணு மாசம் உன் இடத்த வெச்சிருப்பேன். அதுக்குமேல ஆள் போட்டுடுவேன்” என்றார். ராத்திரியில் பார்சல் வண்டி ஓட்டும் கணவனும் அதையே பிடித்துக்கொண்டான். “மூணு மாசம் பாரு. ஓடலன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம திரும்பிப் போயிடணும்.” சரி என்று தலையாட்டினாள். தலையாட்டுவதற்கு என்ன, செலவா பிடிக்கிறது?

எட்டு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி வீடு. மிஷின் சுவரோரம், துணி வெட்டும் பலகை கட்டிலின் மேல். கணவன் படுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எல்லாம் தயாராக இருந்தது. ஜன்னல் வைத்திருப்பவர்கள்தான் வரவேண்டும்.

பத்திரிகையில் விளம்பரம் போட என்ன ஆகும் என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் மரியாதையாக போனை வைத்தாள். காசு பிடிக்காத வழிகள்தான் அவளுக்கு வழி. லிஃப்ட்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள். அதில் ஏறுகிறவர்களுக்கு அரை நிமிடம் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பது அவள் கணக்கு. கணவன் கொண்டுவரும் காலி அட்டைப்பெட்டிகளைச் சின்னச் சின்னதாக வெட்டி, பெயரும் நம்பரும் எழுதி, சலூனிலும் மருந்துக்கடையிலும் கொடுத்துவைத்தாள். போனில் தினமும் ஸ்டேட்டஸ் போட்டாள். அதை நாத்தனார் முதல் ஆளாகப் பார்த்தார், தைத்துத் தரச் சொல்லி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. சீவிய தலை கலையாத ஒருவர், சிறுதொழில் செய்பவர்களுக்கு இலவசமாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா இருப்பவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள், உங்களிடம் கூட்டம் நெரிவதாகக் காட்டுங்கள் என்றார். பம்பரத்துக்கு அது அப்படியே நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டு, ‘இந்த மாதம் இன்னும் இரண்டு பேருக்கு மட்டுமே இடம் உண்டு’ என்று புதிதாக ஒட்டினாள். தன் வீட்டுத் திரைகளையே கழற்றி, ஒரு நாள் கட்டிலில், ஒரு நாள் பால்கனிக் கம்பியில் விரித்துப் படம் பிடித்து ‘இன்று முடித்த வேலை’ என்று போட்டாள். மத்தியான வெயில் தூங்குகிற கணவன் முகத்தில் நேராக அடித்தது. “நம்ம வீட்டுத் திரைக்கு இந்த வாரம் இது மூணாவது போட்டோ. அதுக்கே சலிச்சுப் போயிருக்கும்” என்றான் அவன்.

அதோடு விட்டாளா? வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், ஓடிப்போய் மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல்கூடக் கோக்காமல் ஓட்டுவாள். சத்தம் தேய்ந்து போகும்வரை மிதிப்பாள். பிறகு எழுந்து போனைப் பார்ப்பாள். பிறகு நோட்டீஸ் இருக்கிறதா என்று பார்க்க லிஃப்ட்டில் போய்வருவாள். இரண்டரை மாதத்துக்கும் மேல் இப்படிப் போயிற்று. வந்த வேலை, அவளுடைய அம்மா கொடுத்தனுப்பிய இரண்டு தலையணை உறை. கெடுவுக்கு இன்னும் பத்து நாள். திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்காருவதை நினைத்தாலே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவாள்.

திரை கழற்றுவதற்குப் பக்கத்து வீட்டு நர்ஸிடம் ஏணி வாங்கியிருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வீட்டு ஜன்னலில் புதுத் திரை தொங்கியது. கீழ் ஓரம் கோணலாக இழுத்துக்கொண்டிருந்தது. தைக்கிறவள் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும்.

“எங்க தைச்சீங்க?”

“அந்தப் பெரிய கடைலதான். ஒரு மாசம் அலையவிட்டு இப்படிக் கோணலா கொடுத்திருக்காங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்னுதான் நினைச்சேன். எப்பப் பார்த்தாலும் உங்க வீட்ல மிஷின் ஓடிக்கிட்டே இருக்கு. மூச்சுவிட நேரமில்லாம இருக்கவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன். எட்டாவது மாடி அக்காவும் அதேதான் சொன்னாங்க.”

பம்பரத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடையாய் நடந்தாள். வாசலுக்கு வந்த வேலையைத் தானே கதவைச் சாத்தித் துரத்தியிருக்கிறாள், அதுவும் மிதித்து மிதித்துக் கால் வலிக்க.

சாயங்காலம் கணவனிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“இப்ப என்ன பண்ணப் போற?”

“வேலை இல்லன்னு எழுதப் போறேன்.”

“அதப் போய் எழுதுவாங்களா? எங்க அக்கா பார்த்தா ஒரு வீடு விடாம சொல்லிடுவாங்க.”

“சொல்லட்டும். அவங்களாவது இலவசமா விளம்பரம் பண்ணட்டும்.”

வாய் வீறாப்பாகத்தான் பேசியது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. ‘வேலை இல்லை’ என்ற இரண்டு வார்த்தையைத் தன் கையால் எழுத உடம்பெல்லாம் கூசியது. நாலைந்து தாளைக் கசக்கிப் போட்டாள். கடைசியில் இப்படி எழுதினாள்: ‘திரைச்சீலை தைப்பேன். இப்போது கையில் வேலை எதுவும் இல்லை. ஓரம் மடிப்பது, நீளம் குறைப்பது, எவ்வளவு சின்ன வேலையானாலும் கொண்டுவாருங்கள். மறுநாளே கிடைக்கும்.’ மனசு மாறுவதற்குள் லிஃப்ட்டில் ஒட்டி, அதையே போனிலும் போட்டாள்.

மறுநாள் காலை கீழே போகும்போது மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் ஏறினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு நோட்டீஸைப் படித்தார்.

“பாவம், யாருக்கோ வேலை இல்லையாம்” என்றார்.

“நான்தான் சார் அது.”

அவர் சங்கடப்பட்டு இருமினார். கீழே வந்து கதவு திறந்தும் இறங்கவில்லை. “வீட்ல ஒரு திரை தரைல புரளுது. கால் தடுக்கி ஒரு தடவ விழப் பார்த்தேன். நாலு விரல் குறைக்கணும், அவ்வளவுதான். இதுக்குப் போய் ஒருத்தர எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன்” என்றார். அவள் அவரோடு அப்படியே மேலே போய்த் திரையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்து நர்ஸ் கோணல் ஓரத்தைக் கொண்டுவந்தாள். எட்டாவது மாடி அக்கா, கிழிந்த திரை ஒன்றை மடித்து, யாரும் பார்க்காதபடி பைக்குள் வைத்து எடுத்துவந்தார். சலூன்காரர் கதவுக்கு ஒரு மறைப்பு கேட்டார். கெடு முடியும் நாள் வந்தபோது மொத்தம் நாலு வேலை. நாலும் சேர்த்து இரண்டு நாள் பாடு. இதை நம்பிப் பிழைப்பு நடத்த முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை. சாயங்காலம் வரை வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டார்.

“நாளைக்கு வர்றியா, இல்ல ஆள் போடட்டுமா?”

“ஆள் போட்டுக்கங்க மேடம்.” சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

“அப்ப வேலை குவியுதுன்னு சொல்லு.”

ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மற்ற யாரிடம் ஒப்புக்கொண்டாலும் இவரிடம் ஒப்புக்கொள்வது கசப்பு. “இல்ல மேடம். நாலுதான் வந்திருக்கு. எல்லாம் சின்னச் சின்ன வேலை.”

எதிர்ப்பக்கம் கடைச் சத்தம் மெல்லக் குறைந்து, கதவு சாத்துவது கேட்டது. அந்த அம்மா வெளியே வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“அஞ்சாவதா என்னையும் எழுதிக்க. வீட்ல ஆறு வருஷமா ஜன்னல்ல பெட்ஷீட்டத்தான் கட்டி வெச்சிருக்கேன். இங்க விக்கற விலைக்கு நம்மால வாங்க முடியுமா? வெளில கேக்கலாம்னா, இந்தக் கடைல வேலை பார்த்துக்கிட்டு எப்படிக் கேக்கறது. நீ போன்ல போட்டத அன்னைக்கே பார்த்தேன். இவளே கூச்சப்படாம எழுதிட்டாளேன்னு இருந்துச்சு.”

பம்பரம் எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

“ஜன்னல் எவ்வளவு அகலம் மேடம்?”

“தெரியாதும்மா. நான் அளந்தே பார்த்ததில்ல.”