பனியறையின் உள்கைப்பிடி

ஊரார் அவருக்கு வைத்த பெயர் ஐஸ்பெட்டி. அதற்கெல்லாம் அவர் கோபப்பட மாட்டார். இருபத்திரண்டு வருஷமாகத் துருவப் பனிக் கிடங்கைக் கட்டிக்காக்கும் மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? தென்துருவத்தில் எப்போதோ ஓர் ஆராய்ச்சிக் குழு, கால்விரல்களைப் பறிகொடுத்துத் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகள் அங்கே மைனஸ் முப்பத்தாறு டிகிரியில் வரிசையாகக் குழாய்களுக்குள் படுத்திருக்கின்றன. பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய காற்று அவற்றுக்குள் குமிழ் குமிழாக அடைபட்டுக் கிடக்கிறது. உருகினால் போச்சு. மறுபடி போய் எடுக்கலாமென்றால் அந்தப் பனி அங்கே மிச்சம் இருக்குமோ என்னவோ.

துருவத்தை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் அந்தப் பனியை விட்டு ஒருநாள்கூட வெளியூர் போனதில்லை. மகள் கல்யாணத்தில் சாப்பிடக்கூட நிற்காமல் கிடங்குக்கு ஓடிவந்தார். மனைவி அதற்கு 'உங்க சக்களத்தி' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் "பத்தே நிமிஷம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, போனைச் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார். பனியறைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. வேலையை முடித்துக்கொண்டு உள்கைப்பிடியை இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது.

அது ஆடிக்கொண்டிருப்பது ஒரு வாரமாகவே அவருக்குத் தெரியும். சரிசெய்யக் கதவை இரண்டு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அப்படியானால் பனி என்னாவது என்று அவரைத் திருப்பி அனுப்பியது இவர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

தட்டினார், உதைத்தார், தொண்டை கிழியக் கத்தினார். கம்ப்ரஸர் இரைச்சலில் வாசல் காவலாளிக்கு இடி விழுந்தாலும் கேட்காது. திங்கட்கிழமை காலைவரை யாரும் வரப்போவதில்லை. போட்டிருந்த கோட்டு ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிசு. செத்துப்போவோம் என்று முதல்முறையாகப் பயந்தார்.

அப்போதுதான் வெப்பமானியின் முனை கண்ணில் பட்டது. அறை சூடேறினால் அபாய மணி அடிக்கும். ஆனால் அடிப்பது ஒரே ஒரு போனில், அவருடைய போனில். "வேற யாரும் பொறுப்பா பார்க்க மாட்டாங்க" என்று அப்படி வைக்கச் சொன்ன புண்ணியவானும் அவரேதான். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டாலே மனைவி எரிந்து விழுவாள். போனைத் தொடக்கூட மாட்டாள்.

வேறு வழியில்லை. கையுறையைக் கழற்றி, முனையை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். கை எரிந்தது, பிறகு மரத்துப்போனது. அடுத்த கையை மாற்றினார். அழுதார். கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. வெளியே காவலாளியும், மூச்சிரைக்க மனைவியும் நின்றார்கள்.

"சீக்கிரம் சாத்து, பனி உருகிடும்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே அதுதான்.

அவரை வெளியே இழுத்து உட்காரவைத்தார்கள். அவள் அவர் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"நீ எப்படி வந்தே?"

"மணி அடிச்சா ரெண்டு நிமிஷத்துல ஓடிப்போய் நிறுத்திடுவீங்களே. இன்னிக்கு அது நிக்கவே இல்ல. ஓடிவந்து காவலாளியைக் கூப்பிட்டேன்."

"உள்ள இருந்து எவ்வளவு தட்டினேன் தெரியுமா? யாருக்குமே கேட்கல."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கேட்காதுங்க. இருபத்திரண்டு வருஷமா இந்தப் பக்கம் நின்னு நானும் தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."