குழந்தையின் தலை எந்தப் பக்கம்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருஷம் நான் இரண்டாவது முறையாக உண்டானேன். தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு: இந்தத் தடவை ஆஸ்பத்திரி வேண்டாம், மருத்துவச்சியும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு நானே பெற்றுக்கொள்ள வேண்டும்.

மூத்தவன் பிறந்தபோது என் கால்களைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன்; நர்ஸ் முடிச்சை இன்னும் இறுக்கினார். யார் யாரோ வந்து கையை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. பையன் நல்லபடியாகத்தான் பிறந்தான். ஆனாலும் அந்தக் கட்டிலை நினைத்தால் எனக்குக் கால் மரத்துப்போகும்.

என் கணவர் திருநள்ளாற்றில் பள்ளிக்கூட வாத்தியார். என் முடிவைக் கேட்டுவிட்டு, "சரி. ஆனா அப்பப்ப டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்துடணும்" என்றார்.

டாக்டரம்மா காரைக்காலுக்குப் புதிது. கடைத்தெருவுக்குப் பின்னால் தனியாக வைத்தியம் பார்த்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். எனக்கு மறைக்க வரவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"யாருமே இல்லாமயா? உனக்கென்ன பைத்தியமா?"

"பெத்துக்கப் போறது நான்தானே டாக்டரம்மா?"

"ரத்தம் நிக்கலன்னா என்ன பண்ணுவே?" பேனாவை மேசைமேல் போட்டார். "நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன். அதுக்காக இங்க வராம இருந்துடாதே."

போனேன். போன ஒவ்வொரு தடவையும் சண்டைதான். எட்டாம் மாதம் முடியும்போது வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"தலை மேல இருக்கு. இப்படியே இருந்தா ஆஸ்பத்திரிதான். வேற பேச்சே கிடையாது."

நான் நம்பவில்லை. என்னை வழிக்குக் கொண்டுவரப் பொய் சொல்கிறார் என்றே தோன்றியது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினேன். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல், வயிற்றை அழுத்தி அழுத்தித் தேடினேன். விலாவுக்குக் கீழே உருண்டையாக ஒன்று தட்டியது. தலையா, பிட்டமா? எனக்கு எப்படித் தெரியும்?

பத்து நாள் பொறுத்துவிட்டு, கணவரை இழுத்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு வயதான டாக்டர். "தலை கீழதாம்மா இருக்கு. யாரு மாத்திச் சொன்னது?" என்றார்.

திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

காத்திருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னை உள்ளே அழைத்துப் படுக்கச் சொன்னார். வயிற்றில் ஓடிய கை நின்றது.

"திரும்பிருச்சு" என்றார். "அன்னிக்கு மேலதான் இருந்துச்சு. சில குழந்தை கடைசி நேரத்துல திரும்பும். பொய் சொல்றதா இருந்தா முதல் நாளே சொல்லியிருக்க மாட்டேனா?"

எனக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. புறப்படும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். "குழந்தை பொறந்து நஞ்சுக்கொடி விழலன்னா உடனே ஆள் அனுப்பு. வீம்பு பண்ணாதே."

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மத்தியானம் வலி எடுத்தது. கணவர் கதவுக்கு வெளியே நின்றார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். பெண் குழந்தை என் கையிலேயே வந்து விழுந்தது, வீறிட்டு அழுதது. யாரும் என்னைத் தொடவில்லை. அந்தச் சந்தோஷத்தை எதோடும் ஒப்பிட முடியாது.

ஆனால் நஞ்சு விழவில்லை. பாய் நனைந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தேன். காது அடைத்தபோது பயந்துபோய்க் கணவரைக் கூப்பிட்டேன். அவர் சைக்கிளில் பறந்தார்.

டாக்டரம்மா வந்தார். "இப்ப வயித்த அமுக்கப் போறேன், வலிக்கும்" என்று சொல்லிவிட்டே அமுக்கினார். நஞ்சு விழுந்தது. ஊசி போட்டார். ரத்தம் நின்றது. கிணற்றடியில் கை கழுவிவிட்டு வந்து, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் வந்தும் பிரயோசனமில்ல. பெரிய கெட்டிக்காரின்னு நினைச்சுக்காதே" என்றார்.

"நினைக்கல" என்றேன்.

எழுந்து நடமாட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் செய்தது சரியா தப்பா என்று படுத்தபடியே மாறி மாறி யோசித்தேன், முடிவு கிடைக்கவில்லை. மூன்றாவது பிரசவத்துக்கு நானே ஆளனுப்பி அவரை வீட்டுக்கு வரவழைத்தேன். ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று, வந்ததுமே எங்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது.