ஆடுகிற சீட்டு

என் தொழிலுக்குத் தமிழில் சரியான ஒரு சொல் இல்லை. சீட்டு என்று சொன்னால் திருத்தணியில் பாதிப் பேருக்கு மாதாமாதம் பணம் கட்டி ஏலம் எடுக்கிற சீட்டு ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு, மாந்தோப்பில் துண்டை விரித்து ஆடிவிட்டு போலீஸைக் கண்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற சீட்டு. நான் இந்த இரண்டிலும் சேராதவன். போக்கர் ஆடிப் பிழைக்கிறவன். இணையத்தில் காசு வைத்து ஆடக் கூடாது என்று ஆன பிறகு, அரக்கோணத்தில் ரயிலேறி கோவாவுக்குப் போகிறேன். அங்கே அனுமதியோடு நடக்கிற மேஜைகளில் ஆடிவிட்டுத் திரும்புகிறேன். ஊரில் இருக்கும்போது காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து, ஆடிய ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்து எங்கே தப்பு செய்தேன் என்று தேடுவேன். பார்க்கிறவர்கள் அதிர்ஷ்டம் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கைக்கு வருகிற சீட்டில் பெரும்பாலானவை குப்பை. அவற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தொழிலில் சோறு.

சோறு வந்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். வந்த வழியை நாலு பேரிடம் சொல்லத்தான் வெட்கம். பெண் பார்க்க ஆரம்பித்தபோது, என் தொழிலை யாரிடமும் மறைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அதனால் இரண்டு மூன்று இடங்கள் கேட்ட மாத்திரத்தில் கதவைச் சாத்திவிட்டன. பொறுத்துப் பார்த்த அம்மா புதுத் தரகரிடம், "பையன் சீட்டுல நல்லா சம்பாரிக்கறான்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

ஆவணி பிறந்ததும் அம்மையார்குப்பத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். எங்களுக்காகத் தறியை நிறுத்தியிருந்தார். ஆனாலும் தறிச் சத்தத்துக்குப் பழகிய தொண்டை என்பதால், எதிரில் இருந்த எங்களிடம் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசினார். பெண் காபி கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. சுவரோரமாக நின்று என்னை நேராகப் பார்த்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஏலச் சீட்டுங்களா, குலுக்கல் சீட்டுங்களா?" என்று கேட்டார் அவர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா தட்டிலிருந்த பஜ்ஜியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல, எங்க தெருவுலயும் ஒருத்தரு சீட்டு புடிச்சிகினு இருக்காரு. நாணயமான ஆளு. நாலு பேரு நம்பி பணத்த குடுக்கறாங்கன்னா சும்மாவா? அதான் தரகர் சொன்னதுமே வரச் சொல்லிட்டேன். அடுத்த சீட்டு ஆரம்பிக்கும்போது என்னையும் சேத்துக்குங்க."

அம்மா செய்த வேலை அப்போதுதான் எனக்கு விளங்கியது. "சும்மா இருடா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் முணுமுணுத்தாள். நான் பேசவே வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். எதிரில் இருப்பவர் தானாகவே ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொள்ளும்போது முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். அதற்குத்தான் எனக்குக் கூலியே. ஆனால் அதை வீட்டுக்குள் எத்தனை காலம் செய்ய முடியும்? இடம் போனால் போகட்டும், தொழிலை ஒளித்துவைத்துக் குடும்பம் நடத்த மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

"அந்தச் சீட்டு இல்லீங்க. ஆடற சீட்டு," என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ரம்மியா?"

"போக்கருங்க. கோவாவுக்குப் போய் ஆடறேன். அதான் என் வேல. கல்யாணத்துக்கு அப்புறமும் அதான்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "சூதாடறவருக்கா எம் பொண்ண கேட்டு வந்தீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. அடக்கிக்கொண்டு, எப்படி ஆடுகிறேன், எப்போது எழுந்துவிடுகிறேன், வீட்டுச் செலவுக்கு வைத்ததை ஏன் தொட மாட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த மரியாதைக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். அந்த ஆட்டத்த நானும் டிவில பாத்துகினுதான் இருக்கறேன். கையில ஒண்ணுமே இல்லாதவன் எல்லாம் இருக்கறா மாதிரி மூஞ்ச வெச்சுகினு ஜெயிக்கறான். அப்புடி மூஞ்சி வெச்சுக்கத் தெரிஞ்சவரு வூட்ல பேசறத எம் பொண்ணு எப்புடிங்க நம்பும்?"

நியாயமான கேள்வி. கிளம்பலாம் என்று அம்மாவைப் பார்த்தேன்.

"நைனா," என்று அப்பாவைக் கூப்பிட்டாள் சுவரோரம் நின்றிருந்தவள். "ஏலச் சீட்டான்னு நீ கேட்டப்ப அவரு ஆங்னு சொல்லியிருந்தா, நீ இன்னைக்கே தட்டு மாத்தியிருப்ப."

அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தோத்துட்டு வந்தாலும் இதே மாதிரி சொல்லுவீங்களா?"

"சொல்லுவேங்க."

"எங்கிட்ட வேணாம். அதுகிட்ட சொல்லுங்க," என்று மகளைக் காட்டினார்.

கல்யாணம் நடந்தது. என் தொழிலை மாமனார் இன்னும் ஏற்றுக்கொண்டபாடில்லை. நானும் விட்டபாடில்லை. போன வாரம் கோவாவில் நன்றாக அடி வாங்கினேன். ரயிலேறியதும் அவளுக்குப் போன் செய்து, சாப்பாட்டைப் பற்றி ஏதாவது பேசிச் சமாளிக்கலாம் என்று குரலைச் சரிசெய்துகொண்டு ஹலோ என்றேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தவர்களால் கண்டுபிடிக்க முடியாததை அவள் அந்த ஒரு ஹலோவில் கண்டுபிடித்துவிட்டாள்.

"தோத்துட்டீங்க, தெரியுது. இருந்தாலும் உங்க வாயால சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன்.