அடுப்புக் கல்

ரத்தினசாமிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நல்லேப்பிள்ளிப் பக்கம் வயல் வைத்திருந்த காலத்திலேயே வரப்பில் ஓயாமல் நடந்த மனுஷன். அந்த வயல் அணைக்கட்டுக்குப் போய், பதிலுக்கு அணைக்குக் கீழே பூங்காவில் காவல் வேலை கிடைத்தபோது, இனிமேல் பெஞ்சில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கலாம் என்று பங்காளிகள் கேலி பேசினார்கள். எங்கே உட்கார்ந்தார்! எழுபத்து மூன்றாம் வருஷத்து ஆடி மாதத்துக்குப் பிறகு காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் அலைந்தார்.

பூங்காவின் கிழக்கு ஓரம், வாய்க்கால் கரை வேம்படியில் அவர் குடும்பத்துக் கன்னிமார் சாமி இருந்தது. சாமி என்றால் சிலையெல்லாம் இல்லை. வரிசையாக ஏழு கற்கள், அவ்வளவுதான். ஆடிப் பதினெட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துப் பொங்கலிடுவார்கள். அதே வாய்க்கால் வளைந்து போகிற மேற்குப் பக்கத்தில், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சமைத்துச் சாப்பிட ஒரு புல்வெளி விட்டிருந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, மூன்று கல்லைக் கூட்டிச் சோறாக்குவார்கள். அதற்கென்றே ஐம்பது அறுபது கற்கள் அங்கே கிடக்கும்.

அந்த வருஷம் ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பெரிய என்ஜினீயர் நாளைக்கு வருகிறார், வேம்படியில் சிமெண்டு பெஞ்சு வரப்போகிறது, காலையில் அந்தக் கல்லையெல்லாம் லாரியில் ஏற்றிவிடு என்று ஓவர்சியர் சொல்லிவிட்டுப் போனார். ரத்தினசாமி வீட்டில் சொன்னதும் மனைவி முத்தாத்தாள் முதலில் சொன்னதே இதுதான்:

"இங்க ஊட்டுக்குக் கொண்டாந்துராதீங்க. கன்னிமாரு கூரைக்குக் கீழ வரமாட்டாங்க. தண்ணிக்கரைய உட்டும் நகரக்கூடாதுங்க."

பாவம், விடிய விடிய யோசித்துத்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். பொழுது கிளம்பியதும் ஏழு கல்லையும் மஞ்சள் போக வாய்க்காலில் கழுவி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேற்குப் புல்வெளியில் புங்கமரத்தடியில் வரிசையாக வைத்தார். கல்லோடு கல்லாகக் கிடந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? என்ஜினீயர் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

என்ஜினீயர் வந்தார், வேம்படி சுத்தமாக இருக்கிறது என்றார், போனார். பெஞ்சு கடைசிவரை வரவில்லை, அது வேறு விஷயம். அவரோடு நடந்து, கேட்டைத் திறந்து, கார் மறையும் வரை நின்றுவிட்டு ரத்தினசாமி புல்வெளிக்கு ஓடிவந்தால், பொள்ளாச்சியிலிருந்து இரண்டு பஸ் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். பதினைந்து அடுப்பு எரிகிறது. புங்கமரத்தடி வெறுமையாகக் கிடக்கிறது.

சாயங்காலம் எல்லாரும் போனபின் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக்கொண்டு போய் மணலால் தேய்த்துப் பார்த்தார். எல்லாம் ஒரே கரி. கரி போனால் எல்லாம் ஒரே கல். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்பது வருஷமாகக் கும்பிட்டது மஞ்சளையும் குங்குமத்தையும்தான். அதற்கடியில் இருந்த கல்லை அவர் ஒரு நாளும் பார்த்ததே இல்லை. காலையில் கழுவும்போதும் பயத்தில் சரியாகப் பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

முத்தாத்தாளிடம்கூடச் சொல்லவில்லை. கைக்கு வந்த ஏழு கல்லை வேம்படியில் நட்டு மஞ்சளை அப்பிவிட்டார். அன்றிலிருந்து புல்வெளியில் செருப்புப் போட்டு நடப்பதில்லை. யாராவது அடுப்புக் கல்லைக் காலால் தள்ளினால் பாய்ந்துகொண்டு சண்டைக்குப் போவார். பூங்காவுக்கு வருகிறவர்கள் கிறுக்கன் என்று ஒதுங்கினார்கள்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. பங்காளிகள், பெண்டுபிள்ளைகள் எல்லாரும் வேம்படியில் கூடினார்கள். பொங்கல் பொங்கி வழிந்தது. தங்கச்சி பொன்னாத்தாள், தாலி கட்டிப் பத்து வருஷமாக மடி நிறையாதவள், அந்தக் கற்களுக்கு முன்னால் விழுந்து தேம்பினாள். எழுந்தவள் அண்ணனைத் தேடினாள்.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேற்கே புல்வெளியில் யாரோ ஒரு குடும்பம் மூன்று கல்லுக்கு நடுவில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பியிருந்தார்.

"ஏனுங்ணா, சாமி இங்கதானுங்களே இருக்குது?" என்றாள் பொன்னாத்தாள்.

அவர் திரும்பவில்லை. "நீ நல்லா வேண்டிக்க, கண்ணு," என்றார். "உனக்கும் சேத்து நான் அங்க வேண்டிக்கறேன்."